தலைக்கு மேலே தாத்தா

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணிக்கு, எங்கள் தாத்தா என் இட்லித் தட்டில் விழுந்தார்.

பயப்படாதீர்கள். தாத்தா காலமாகி நாற்பது வருஷம் ஆகிறது. விழுந்தது அவர் போட்ட கூரையில் ஒரு துண்டு. உள்ளங்கை அகலம், ஒரு அங்குலக் கனம். சட்டையெல்லாம் சாம்பார். என் மனைவி முதலில் மேலே பார்த்தாள். அப்புறம் தட்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"மூணு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்..."

சொன்னாள்தான். நான்தான் தீபாவளிக்கு 'பொங்கல் முடியட்டும்' என்றும், பொங்கலுக்கு 'வெயில் காலத்தில் பார்க்கலாம்' என்றும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆபீஸில் ஃபைல் தள்ளிப் பழகின கை. கூரைக்கு அந்த நடைமுறை தெரியவில்லை. கையெழுத்துக்குக் காத்திராமல் இறங்கிவிட்டது.

எங்கள் வீடு மதுரையில் மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. ஆட்டோவும் மாடும் எதிரெதிரே வந்தால் மாடு ஜெயிக்கிற சந்து. 1938-ல் தாத்தா கட்டியது. நடுக்கூடம், இரண்டு அறை, பின்கட்டு. மேலே மொட்டைமாடி. ஏறினால் கோபுரம் தெரியும். இப்போது கோபுரமும் நாலு செல்போன் டவரும் தெரியும்.

இடிப்பது என்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1840-களில் பிளாக்பர்ன் என்கிற கலெக்டர், மதுரைக் கோட்டைச் சுவரை எடுத்துவிட்டு ஊரை அகலமாக்க நினைத்தார். சர்க்காரிடம் அதற்குப் பணம் இல்லை. மனுஷன் ஒரு யோசனை செய்தார். சுவரை இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கு அந்த இடம் சொந்தம் என்று அறிவித்துவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்? கோட்டை போய் வீதிகள் வந்தன. அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிப் பெயர்களாக இருக்கிறார்கள்.

ஆகையால், இடிக்கலாம் என்று யாராவது சொன்னால் மதுரைக்காரன் கை தானாகவே கடப்பாரையைத் தேடும். என் கையும் தேடியது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சிரிப்பாக ஆரம்பித்து அவ்வளவு சிரிப்பாக முடியாத கதை.

* * *

முதலில் வந்தவர் ஒரு இளம் கான்ட்ராக்டர். பி.இ. சிவப்பு வெளிச்சம் அடித்து நீளம் அளக்கிற கருவி வைத்திருந்தார். நாலு மூலையிலும் அடித்துப் பார்த்தார்.

"சார், இது மெட்ராஸ் டெரஸ். லைஃப் முடிஞ்சு போச்சு. ரெண்டு வழி. மொத்தமா இடிச்சுட்டு ஸ்லாப் போட்டிரலாம். இல்லேன்னா மேலேயே மூணு இஞ்ச் சிமெண்ட் கான்கிரீட் ஊத்தி சீல் பண்ணிரலாம்."

எஸ்டிமேட் கொடுத்தார். அதிலிருந்த சைபர்களை எண்ணி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்டா, மகால் பக்கத்துல சுண்ணாம்பு வேலை பாத்த கொத்தனார் ஒருத்தர் இருந்தாரே, அவரைக் கூப்பிட்டுக் காட்டேன். காட்டுறதுக்குக் காசா பணமா?" என்றாள்.

பெரியவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். லேசர் எல்லாம் இல்லை. "தம்பி, ஒரு டார்ச்சும் ஒரு நாலு இஞ்ச் ஆணியும் குடுங்க" என்றார்.

"ஆணி எதுக்குங்கய்யா?"

"டாக்டர் ஊசி குத்திப் பாக்குறாருல்ல, அது மாதிரி."

ஏணி போட்டு ஏறி, காரை விழுந்த இடத்தை ஆணியால் கீறினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நடுநடுவே அரிசிக் குருணை மாதிரி வெள்ளைக் கட்டிகள். "பாத்தீங்களா, சுண்ணாம்பு. ஆணிக்குப் பொடியும், வெள்ளையா இருக்கும், குருணை தெரியும். இப்ப இங்கிட்டு வாங்க" என்று ஒட்டுப் போட்ட இன்னோர் இடத்தில் கீறினார். கிரீச். ஆணி வழுக்கியது. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும். "இது சிமெண்டு. இது ஒங்க தாத்தா வச்சது இல்ல. இது யாரு வேலை?"

என் வேலை. பத்து வருஷத்துக்கு முன் ஒழுகியபோது நான் ஆள் விட்டுப் பூசியது. மனைவி மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

அப்புறம் பெரியவர் ஒரு சின்னப் பாடமே நடத்தினார். எங்கள் கூரையை மேலிருந்து உரித்தால் வெங்காயம் மாதிரி வரும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய கலவை. அதற்குக் கீழே மெல்லிய செங்கல், படுக்காமல் குத்துக்கல்லாக, கோணவாக்கில் வரிசை பிடித்து நிற்கும். எல்லாவற்றையும் தாங்குவது தேக்குக் கட்டைகள். அதனால்தான் எங்கள் பக்கம் இதற்குக் கட்டைக்குத்து என்று பெயர். இங்கிலீஷ் என்ஜினீயர்கள் புத்தகத்தில் எழுதும்போது மெட்ராஸ் டெரஸ் என்று எழுதிவிட்டார்கள். சென்னைக்கு எதிலும் பெயர் கிடைத்துவிடும்.

சுண்ணாம்பின் குணம் விசித்திரமானது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் அதிலிருக்கிற கரியமில வாயு வெளியே போய்விடும். தண்ணீர் விட்டு நீற்றிக் குழைத்துப் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிவிடும். கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி வருகிற மாதிரி. வருஷக்கணக்கில் ஆகும். வந்தால் நிலைக்கும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது இதற்குத்தான். கலவை சட்டென்று இறுகிவிடாமல், நன்றாக அடித்து இறுக்க நேரம் கிடைக்கும்.

நிலைக்கும் என்பதற்கு நாங்கள் வெளியூருக்குப் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. மகால் இருக்கிறது. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அத்தனை பெரிய தூண்களின் மினுமினுப்பும் சுண்ணாம்புச் சாந்துதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது மகாலில் ஒரு பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சம் கிடந்து சிதைந்ததை, 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். பேரன் உடைத்தான், வெளியாள் பழுது பார்த்தார். எனக்கு இந்த இடத்தில் சற்று உறுத்தியது.

"இது கெட்டுப்போகலை தம்பி" என்றார் பெரியவர். "சுண்ணாம்பு மூச்சு விடும். ஈரத்தைக் குடிக்கும், வெயில் அடிச்சா வெளிய விட்டுரும். நீங்க மேல சிமெண்டைப் பூசி மூக்கைப் பொத்திட்டீங்க. ஓரத்துல விரிசல் வழியா தண்ணி உள்ள போச்சு. வெளிய வர வழியில்ல. கட்டை நுனி செவுத்துக்குள்ள இருக்குல்ல, அது ஊறி இத்துப்போச்சு. இதுக்கு மேல மூணு இஞ்ச் கான்கிரீட்டா? வெயிட்டு தாங்காம மொத்தமா வந்துரும்."

கான்ட்ராக்டர் தம்பிக்கு போன் போட்டு மரியாதையாக வேண்டாம் என்று சொன்னேன்.

* * *

வேலை ஆரம்பித்தது. சிமெண்ட்டை எடுத்து, இற்றுப்போன கட்டை நுனிகளை மட்டும் மாற்றி, சுண்ணாம்பாலேயே மூடுவது என்று திட்டம்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். கூடத்துக்கு நடுவே ஒரு இரும்பு உத்திரம் இருந்தது. எண்பது வருஷத்துப் பெயிண்ட். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கப் போன பெரியவரை என் மகள் தடுத்தாள். காலேஜ் படிக்கிறாள். "பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும் தாத்தா. காய்ஞ்சு தேச்சா தூசி பறக்கும். நனைச்சுட்டுச் சுரண்டுங்க." அவள் சொன்னது சரிதான். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்கிற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டை நம்பக்கூடாது.

நனைத்துச் சுரண்டியதும் இரும்பில் எழுத்துகள் தெரிந்தன. டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து. எனக்குப் புல்லரித்தது. 1932-ல் திறந்தார்களே, ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகப் பாலம், அதைக் கட்டிய கம்பெனி! அந்தக் காலத்து இரும்பு உத்திரங்களில் ஆலையின் பெயரைப் பிடித்துவிட்டால் வயசையும் ஓரளவு கணக்குப் போடலாம். டாட்டா என்று இருந்தால், ஜாம்ஷெட்பூரில் எஃகு ஓட ஆரம்பித்த 1912-க்கு அப்புறம்தான் என்று அர்த்தம்.

கட்டைகள் தேக்கு என்பதில் சந்தேகமில்லை. சீவினால் எண்ணெய்ப் பசையும் அந்த வாசனையும் வந்தன. பர்மாத் தேக்கு என்று அம்மா சத்தியம் செய்தாள். அந்த நாளில் ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாக வந்து செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நின்ற மரம்தானே, எங்கள் வீட்டுக்கும் நாலு கட்டை வந்திருக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து பர்மாவா மலையாளமா என்று சொல்ல முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். தேக்கு என்பது நிச்சயம். பர்மா என்பது எங்கள் குடும்ப கௌரவம்.

மூன்று நாளில் நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன். ஆபீஸில் கேன்டீன் கூரையைப் பார்த்துக் கருத்து சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த மிதப்பில்தான் நாலாம் நாள் வந்தது.

* * *

பின்கட்டு அறையில் கூரை தெரியாது. கீழே சாம்பல் நிறத்தில் தட்டையான தகடுகளை அடித்து மறைத்திருந்தது. 1974-ல் அப்பா போட்டது. எலித் தொல்லைக்கும் ஒழுகல் கறைக்கும் சேர்த்து ஒரே மருந்து. தாத்தாவின் சுண்ணாம்பை ஆணி வைத்து ஆராய்ந்த நான், அப்பாவின் தகட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சாம்பல் நிறம். பூசணிக்காய் மாதிரி அசட்டுக்களை.

பெரியவர் அன்றைக்கு வரவில்லை. பேத்திக்குக் காது குத்து. கையாள் பையன் மட்டும் வந்திருந்தான். பத்தொன்பது வயசு. திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுக்குள் ஒரு கிராமம். முதல் பஸ் பிடித்து வருவான். வேலையில் சூரன்.

"அண்ணே, இந்தத் தகட்டைக் கழட்டவா, ஒடைக்கவா?"

"கழட்டிக்கிட்டு உக்காந்திருந்தா பொழுது போயிரும். ஒடைச்சு எடுப்பா, சீக்கிரம்" என்றேன். இதைச் சொன்னது நான். கான்ட்ராக்டர் இல்லை, கொத்தனார் இல்லை. நான்.

கடப்பாரையால் இரண்டு போடு போட்டான். அப்பளம் மாதிரி நொறுங்கியது. அறை முழுக்கப் புகை மூட்டம். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு துண்டுகளைச் சாக்கில் அள்ளினான். விளக்குமாறால் பெருக்கினான். ஜன்னல் வெயிலில் தூசி மின்னிக்கொண்டு மிதந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. துண்டை அவிழ்த்துவிட்டு, அந்த அறையிலேயே உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தான்.

சாயங்காலம் பெரியவர் காது குத்து லட்டோடு வந்தார். சாக்கை எட்டிப் பார்த்தார். உடைந்த ஓரத்தில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

"அடடா, கல்நார் தகடுல்ல இது. ஒடைச்சா போட்டீங்க?"

கல்நார். பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் படித்த வார்த்தை. பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்தது. கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. செல்போனை வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கல்நார் என்பது பூமியில் கிடைக்கிற ஒரு கல். ஆனால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரியும். தீயில் எரியாது. 1900 வாக்கில் ஆஸ்திரியாவில் ஹாட்செக் என்பவர் இந்த நாரை சிமெண்ட்டோடு கலந்து தகடு செய்தார். லத்தீனில் 'என்றும் அழியாதது' என்று பொருள் வருகிற மாதிரி எட்டர்னிட் என்று பெயர் வைத்தார். மலிவு, லேசு, துருப்பிடிக்காது. உலகம் முழுக்க ஏழைக்கும் ஃபேக்டரிக்கும் அதுவே கூரையானது.

அழியாது என்று அவர் சொன்னது உண்மை. நுரையீரலுக்குள் போனாலும் அழியாது. அதுதான் சங்கடம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நார்கள். மூச்சோடு ஆழத்துக்குப் போய்க் குத்திக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகிற ஆஸ்பெஸ்டோஸிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வருகிற மீசோதீலியோமா என்கிற இன்னொரு புற்றுநோய் எல்லாம் இதனால் வரும். இருமல் உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். 1924-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்கிற ஊரில் நெல்லி கெர்ஷா என்கிற ஆலைத் தொழிலாளி இறந்தபோதே டாக்டர்கள் மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அப்புறமும் உலகம் பல பத்து வருஷம் தகடு அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்திருக்கின்றன. ஒரு காலத்தில் நமக்கு ஏற்றுமதி செய்த கனடாவே 2018-ல் தன் நாட்டில் தடை போட்டது. நம் நாட்டில் 1986-லேயே புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து தகடு செய்வது நிற்கவில்லை.

ஒரு நாள் தூசியால் ஒருவனுக்கு நோய் வந்தே தீரும் என்று இல்லை. தூசியின் அளவும் வருஷமும் கூடக் கூடத்தான் ஆபத்து கூடும். ஆனால் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு கோடு கிழித்துக் கொடுக்கவும் எந்த டாக்டரும் தயாரில்லை. கூடவே சிகரெட்டும் இருந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் இல்லை, பெருக்கல் கணக்கில் ஏறும். (டீக்கடை வாசலில் இதைப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி, அந்தக் கையில் இருப்பதைக் கீழே போடவும்.)

* * *

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு முன்பே பையனுக்கு போன் செய்தேன். "இன்னிக்கு அந்த ரூமைத் தொடாதே."

மிச்சம் நாலு தகடு மேலே இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் தெரிந்த ஒரு கட்டட என்ஜினீயரிடமும் கேட்டு முறைப்படி செய்தோம். ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைப் பிடுங்கி முழுசாக இறக்கி, கெட்டியான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி எழுதி வைத்தோம். தரையைப் பெருக்கவில்லை; ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் அதே பையில் போட்டோம். ஒரு சின்னத் துண்டை நனைத்து, உறையில் போட்டு வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஏனென்றால் இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. இப்போது காகிதக்கூழ் நாரில் கல்நாரே இல்லாமல் செய்கிற தகடும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். சுண்ணாம்புக்கு ஆணி போதும். கல்நாருக்குத் தனி மைக்ராஸ்கோப் வேண்டும்.

இரண்டு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. வெள்ளைக் கல்நார், இருக்கிறது.

பையனை உட்கார வைத்துச் சொன்னேன். எனக்கு வார்த்தை வரவில்லை. ஆபீஸில் மெமோ கொடுக்கிறபோதுகூட இவ்வளவு திணறினதில்லை. "தம்பி, நான் தெரியாம ஒடைக்கச் சொல்லிட்டேன். அந்தத் தூசி நல்லதில்லைப்பா..." என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அதுக்கு ஏண்ணே இப்பிடி வேர்க்குது ஒங்களுக்கு?" என்றான். "எங்க வீட்டுக் கூரையே இந்தத் தகடுதானே. நாலு வருஷமா இதைத்தான் ஒடைச்சுக்கிட்டிருக்கேன். போன மாசம்கூட ஒரு மில்லு குடோன்ல நூறு தகடு இறக்கினோம். யாரும் நனைக்கச் சொல்லலை."

அவன் கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்நார் ஆலைகளைப் பற்றிய வழக்கு. தொழிலாளியின் ஆரோக்கியம் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் உடல்நலப் பதிவேடு வைக்க வேண்டும்; அதை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்றது. நோய் நாற்பது வருஷம் கழித்தும் கதவைத் தட்டும் என்று கோர்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அது தகடு செய்கிற ஆலைக்கு. தகட்டை உடைக்கிற பையனுக்கு எந்த ஆலை? அவன் இன்று என் வீடு, நாளை குடோன், நாளன்றைக்கு உங்கள் வீடு. அவனுக்கு ஏது பதிவேடு? நாற்பது வருஷம் கழித்து மூச்சு வாங்கினால், 'எங்கே வேலை பார்த்தீர்கள்' என்று டாக்டர் கேட்பார். 'மதுரையில்' என்பான்.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். எந்தத் தேதி, எந்த அறை, எத்தனை தகடு, எத்தனை மணி நேரம், ரிப்போர்ட்டில் என்ன. கீழே கையெழுத்துப் போட்டு, ரிப்போர்ட்டின் நகலோடு அவனிடம் கொடுத்தேன். "எப்பவாவது நெஞ்சு டாக்டரைப் பாத்தா இதைக் காட்டு. குடோன் கணக்கையும் இதுலயே எழுதி வச்சுக்க." மடித்து செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டான். இதனால் என்ன ஆகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். பெரிதாக ஒன்றும் ஆகாது. என்னால் ஆனது அவ்வளவுதான்.

* * *

உங்கள் வீட்டிலோ, வாடகை வீட்டிலோ, மாமனார் வீட்டிலோ கூரை வேலை வந்தால், இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உடைக்குமுன் அடையாளம் பாருங்கள். ஆணிக்குப் பொடிகிற வெள்ளை சுண்ணாம்பு; அதை சிமெண்ட் கொண்டு மூடாதீர்கள். மரத்தில் சுவருக்குள் போகிற நுனியைக் குத்திப் பாருங்கள், கெடுவது அங்கேதான்.

2. சாம்பல் நிறத் தகடு, தட்டையோ அலையோ, என்னவென்று தெரியாவிட்டால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆணியால் கீறுகிற வேலை இதற்கு வேண்டாம். முத்திரை இருந்தால் படியுங்கள். அலைத் தகட்டில் ஐ.எஸ். 459, தட்டைத் தகட்டில் ஐ.எஸ். 2096 என்று இருந்தால் சந்தேகமே இல்லை.

3. நல்ல நிலையில் இருக்கிற தகடு சும்மா இருக்கிறவரை பெரிய ஆபத்தில்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்க வேண்டாம். துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், மேலே ஏறி நடக்காதீர்கள்.

4. எடுத்தே ஆகவேண்டுமென்றால் நனையுங்கள், முழுசாகக் கழற்றுங்கள், சுற்றிக் கட்டுங்கள், உலர்ந்த விளக்குமாறைத் தூர வையுங்கள். துண்டும், கொரோனா காலத்து மிச்ச மாஸ்க்கும் இதற்குப் போதாது. குப்பை வண்டியில் போடாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள்.

5. வேலைக்கு வருகிறவரிடம் அது என்னவென்று முதலிலேயே சொல்லுங்கள். டீ வாங்கிக் கொடுப்பதற்கு முன்பே.

கூரை வேலை ஆடி பிறப்பதற்குள் முடிந்தது. சுண்ணாம்பு இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. போன மாப்பிள்ளை திரும்பி வந்துகொண்டிருக்கிறார். கடைசி நாள் கணக்கு முடித்தபோது, "இனிமே எத்தனை வருஷம் தாங்குங்கய்யா?" என்று பெரியவரைக் கேட்டேன்.

மேலே ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். "அது கெடக்கு, ஒரு எம்பது வருஷம். நீங்க ஒடம்பைப் பாத்துக்கங்க."

பையன் சிரித்தான். சிரிக்கும்போது லேசாக இருமினான். சாதாரண இருமல்தான். ஆனால் இப்போதெல்லாம் யார் இருமினாலும் நான் மேலே கூரையைப் பார்க்கிறேன்.